செவிலிய மாணவியரும் பாலியல் தொல்லையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

செவிலியப் பள்ளிகளில் விளக்கேற்று விழா நாளன்று மாணவியர் சொல்லும் உறுதிமொழி பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் பெயரால் வழங்குவது. ஆயினும் அதனை அம்மையார் எழுதவில்லை. 1893ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில், லிஸ்ட்ரா கிரெட்டர் என்னும் செவிலியக் கண்காணிப்பாளரின் தலைமையில் அமைந்த ஒரு குழு அதனை இயற்றி, அவருடைய பெயரைச் சூட்டிற்று. தூய வாழ்வு வாழ்வதாகவும், நோயாளியின் இரகசியங்களைக் காப்பதாகவும், மருத்துவரின் பணிக்கு உண்மையுடன் துணைநிற்பதாகவும் மாணவி அதில் வாக்களிக்கிறாள். அவளுக்கு எவரும் எதனையும் வாக்களிப்பதில்லை.

பயிற்சி பெறும் இளம்பெண்ணின் ஒழுக்கத்தைக் காப்பதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாக எத்தனையோ விதிகள் வகுக்கப்பட்டிருக்கின்றன. அவளையே காப்பதற்கு வகுக்கப்பட்டவை எவை? இவ்விரண்டும் ஒன்றே என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அவை ஒன்றல்ல என்பதையும், அவ்வேறுபாட்டை உணராமற்போனதனால் மாணவியரின் உள்ளம் பட்ட காயத்தையும் வரலாற்று வழியில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது மருத்துவமனை நிர்வாகத்தார் மட்டும் ஆராயவேண்டிய பொருளன்று. நவீன செவிலியப் பயிற்சி ஒரு போதகரின் இல்லத்தில் பிறந்தது. நம் நாட்டில் திருச்சபையின் மடியில் வளர்ந்தது. அதன் நன்மையில் பங்குகொள்ளும் நாம் அதன் குறையிலும் பங்குடையோம்.

1. கைசர்ஸ்வெர்த்தின் மரபு

ஜெர்மனியில் ரைன் நதிக்கரையிலுள்ள கைசர்ஸ்வெர்த் என்னும் சிற்றூரின் போதகர் தியோடர் ஃபிளீட்னர், 1836ஆம் ஆண்டில் அங்கு உதவிக்காரிகளின் இல்லம் ஒன்றை நிறுவினார். கெங்கிரேயா சபையின் பெபேயாளை முன்மாதிரியாகக் கொண்டு, ஆதித்திருச்சபையின் பெண் ஊழியத்தைப் புதுப்பிப்பதே அவருடைய கருத்து. மணமாகாத பெண்கள் அங்குத் தங்கி, நோயாளிகளைப் பேணக் கற்றனர். இல்லம் ஒரு குடும்பமாகக் கருதப்பட்டது. போதகர் தந்தையின் நிலையிலும், தலைவி தாயின் நிலையிலும் இருந்தனர். இல்லம் அவர்களுடைய உணவுக்கும் உடைக்கும் முதுமைக்கும் பொறுப்பேற்றது. அவர்கள் கீழ்ப்படிதலைக் கடனாக ஏற்றனர்.

இம்முறையின் பெருமையை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. கூலிக்கு நோயாளிகளைக் கவனித்துவந்த பெண்களைக் குடிவெறியரென்றும் ஒழுக்கமற்றவரென்றும் ஐரோப்பியச் சமுதாயம் இகழ்ந்த காலம் அது. அக்காலத்தில் மதிப்புள்ள குடும்பத்தார் அஞ்சாமல் தங்கள் புதல்வியரை அனுப்பத்தக்க ஓர் இடத்தை ஃபிளீட்னர் உண்டாக்கினார். எனினும் குடும்பம் என்னும் உருவகத்திற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. குடும்பத்தின் குறை வெளியே பேசப்படுவதில்லை. தந்தைக்கு எதிராக மகள் வழக்குரைப்பதில்லை. இந்த உருவகம் இல்லத்தோடு நின்றுவிடாமல், பிற்காலத்துச் செவிலியப் பள்ளிகளுக்கும் சென்றது.

2. நைட்டிங்கேல் பள்ளியின் பதிவேடு

1850ஆம் ஆண்டிலும் 1851ஆம் ஆண்டிலும் கைசர்ஸ்வெர்த்தில் தங்கிக் கற்றவர்களுள் நைட்டிங்கேல் அம்மையாரும் ஒருவர். 1860ஆம் ஆண்டில் இலண்டன் தூய தோமா மருத்துவமனையில் அவருடைய பெயரால் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கப்பட்டது. அங்கு அவர் வற்புறுத்திய கொள்கைகளுள் ஒன்று, செவிலியர் ஆண் அதிகாரிகளின் கீழன்றி ஒரு பெண் தலைவியின் கீழேயே அமைதல் வேண்டும் என்பது. பெண்ணுக்குப் பெண்ணே பொறுப்பாளி என்னும் இவ்வேற்பாடு ஒரு பாதுகாப்பாகவும் அமைந்தது.

ஆனால் அதே பள்ளியில் ஒவ்வொரு மாணவியின் நடத்தையைப் பற்றியும் மாதந்தோறும் ஒரு பதிவேடு எழுதப்பட்டது. நேரந்தவறாமை, அமைதி, நம்பகத்தன்மை, உடைத்தூய்மை, வார்டு ஒழுங்கு என்னும் ஐந்து தலைப்புகளின்கீழ் அவளுடைய ஒழுக்கம் அளக்கப்பட்டது. இவை யாவும் நற்பண்புகளே. ஆயினும் அளக்கப்பட்டவள் எப்போதும் மாணவியே என்பதை நாம் கவனித்தல் வேண்டும். வார்டில் அவளிடம் பிறர் எவ்வாறு நடந்துகொண்டனர் என்பதற்கு அப்பதிவேட்டில் இடமில்லை.

இதனினும் முக்கியமானது வேறொன்று. மாணவி தன் துன்பத்தை யாரிடம் சொல்லவேண்டுமோ, அவரே அவளுடைய ஒழுக்கத்திற்கு மதிப்பெண் இடுபவர். புகார் கேட்கும் செவியும் பதிவெழுதும் கையும் ஒருவருடையவையாக இருக்குமானால், எந்த மாணவி துணிந்து வாய்திறப்பாள்? இன்றும் செவிலிய மாணவி ஒருத்தியின் செய்முறைப் பதிவேட்டில் வார்டு பொறுப்பாளரும் ஆசிரியரும் கையொப்பமிட வேண்டும். உள்மதிப்பீட்டு மதிப்பெண்ணை அவர்களே இடுகின்றனர். தங்குவது நிறுவனத்தின் விடுதி; உண்பது நிறுவனத்தின் உணவு; பெற வேண்டியது நிறுவனத்தின் சான்றிதழ். 1860ஆம் ஆண்டின் கட்டமைப்பு பெரிதும் மாறிவிடவில்லை.

3. இந்திய மண்ணில்

சென்னையில் 1871ஆம் ஆண்டிலேயே அரசினரின் செவிலியப் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909ஆம் ஆண்டில் செவிலியப் பள்ளி கண்டார். 1946ஆம் ஆண்டில் வேலூரிலும் டில்லியிலும் செவிலியப் பட்டப்படிப்பு தோன்றியது. எனினும் இப்பணிக்குப் பெண்கள் எளிதில் வரவில்லை. பிறர் உடலைத் தொடுவதும், பேறுகாலத் தீட்டும், ஆண் நோயாளிகளைப் பேணுவதும், இரவில் வீட்டைவிட்டு வெளியே தங்குவதும் இழிவெனக் கருதப்பட்டன. அவ்விழிவைப் பொருட்படுத்தாமல் முன்வந்தோருள் பெரும்பான்மையோர் கிறிஸ்தவப் பெண்கள். அவர்களுள் மிஷன் விடுதிகளில் வளர்ந்த ஏழைப் பெண்களும், ஆதரவற்றோரும், கைம்பெண்களும் பலர். 1946ஆம் ஆண்டில் போர் குழு தன் அறிக்கையை அளித்தபோது, ஏறத்தாழ 43,000 மக்களுக்கு ஒரு செவிலியராக, நாட்டில் இருந்தோர் சுமார் 7,000 பேரே.

சமுதாயம் ஐயக்கண்ணோடு நோக்கிய இப்பெண்களின் நற்பெயரைக் காக்கவே மிஷன் மருத்துவமனைகள் உயர்ந்த மதில்களை எழுப்பின. மாலையில் விடுதிக் கதவு பூட்டப்பட்டது. பார்வையாளர் பெயர் பதியப்பட்டது. வெளியே செல்லும்போது துணை வேண்டுமெனக் கட்டளை பிறந்தது. அக்காலத்து நிர்வாகிகளின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் மதில் தெருவிலிருந்து வருபவனைத் தடுத்ததேயன்றி, வார்டுக்குள்ளே இருப்பவனைத் தடுக்கவில்லை. செவிலிய மாணவிக்குத் தொல்லை தருவோர் பெரும்பாலும் அவள் நாள்தோறும் காண்பவர்களே: நோயாளி, நோயாளியின் உறவினர், உடன்பணியாளர், மருத்துவர், ஆசிரியர், சிலவிடங்களில் சமயப் பணியாளரும் இப்பட்டியலுக்கு விலக்கல்லர்.

மேலும், மதில் ஒரு மறைமுகப் போதனையையும் அளித்தது. ஒழுக்கமுள்ளவளுக்குத் தீங்கு நேராது என்பதே அது. அதன் மறுதலையாக, தீங்கு நேர்ந்தவள் எங்கோ தவறியிருக்க வேண்டும் என்னும் எண்ணம் வேரூன்றியது. ஏற்கெனவே பழிச்சொல்லுக்கு ஆளாகியிருந்த ஒரு தொழிலில், புகார் சொல்லும் பெண் தன் பெயரை மட்டுமன்றித் தன் தோழியர் அனைவருடைய பெயரையும் கெடுப்பவளாகக் கருதப்பட்டாள். இவ்வாறு மௌனம் ஒரு நற்பண்பாயிற்று.

4. 1973: பம்பாயில் நிகழ்ந்தது

இம்மௌனம் எத்துணைக் கொடியது என்பதற்கு நம் நாட்டு வரலாற்றில் அழியாத சான்று அருணா ஷான்பாக். கருநாடகத்தின் ஹல்திபூரில் பிறந்த அவர், பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் இளநிலைச் செவிலியராகப் பணியாற்றினார். 1973ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள், பணி முடிந்து மருத்துவமனையின் நிலவறையில் உடைமாற்றிக்கொண்டிருந்தபோது, அங்குப் பணிசெய்த துப்புரவுப் பணியாளன் ஒருவன் நாய்ச்சங்கிலியால் அவருடைய கழுத்தை இறுக்கி வன்கொடுமை புரிந்தான். மூளைக்கு உயிர்வளி செல்லாமையால் அவர் பார்வையும் பேச்சும் நினைவும் இழந்தார்.

குற்றவாளி பிடிபட்டான். ஆனால் கொலைமுயற்சி, கொள்ளை ஆகிய குற்றங்களுக்கே அவன் தண்டிக்கப்பட்டான். ஏழாண்டுச் சிறைவாசம் விதிக்கப்பட்டது. பாலியல் குற்றம் வழக்கில் இடம்பெறவில்லை. அருணாவுக்குத் திருமணம் நிச்சயிக்கப்பட்டிருந்ததனால், அவருடைய நற்பெயரைக் கருதி மருத்துவமனை அதனை வெளியிடவில்லை. எண்ணம் இரக்கமானதாகவே இருந்திருக்கலாம். ஆயினும் அதன் விளைவு என்ன? பேச இயலாதவராகிவிட்ட பெண்ணுக்காகப் பேசியிருக்க வேண்டியவர்களும் பேசாதிருந்தனர். குற்றத்தின் பாதி பதிவேட்டிலிருந்து நீங்கிற்று. நற்பெயர் காக்கப்பட்டது, நீதி காக்கப்படவில்லை.

அன்று பம்பாய்ச் செவிலியர் வேலைநிறுத்தம் செய்து, தங்கள் பணிநிலைமைகள் சீர்பெற வேண்டுமெனக் கேட்டனர். அதனினும் பெரிய சான்று அவர்களுடைய பணியே. ஏறத்தாழ 42 ஆண்டுகள், தலைமுறை தலைமுறையாக, அருணாவைப் படுக்கைப்புண் உண்டாகாதபடி பேணினர். மாநகராட்சி அவரை அங்கிருந்து அகற்ற முயன்றபோது எதிர்த்து நின்றனர். 2011ஆம் ஆண்டு மார்ச்சு 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் கருணைக்கொலை பற்றிய தீர்ப்பில் அச்செவிலியரின் பணியைப் போற்றியது. 2015ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் அருணா மறைந்தார்.

5. காயத்திற்குப் பெயர் கிடைத்தது

பம்பாயில் ஒரு செவிலியர் குரலிழந்த காலத்திலேயே, கடல்கடந்த பாஸ்டன் நகரில் மற்றொரு செவிலியர் இக்காயத்திற்குப் பெயர் தேடிக்கொண்டிருந்தார். மனநலச் செவிலியரான ஆன் பர்ஜெஸ் என்பவரும், லிண்டா ஹோம்ஸ்ட்ராம் என்னும் சமூகவியலாரும், நகர மருத்துவமனை ஒன்றின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு வன்கொடுமைக்கு ஆளானோர் வரும்போதெல்லாம் சென்று, அவர்களுடன் உரையாடினர். ஓராண்டில் வந்த 146 பேரைச் சந்தித்து, அவர்களுள் 92 வயதுவந்த பெண்களின் அனுபவத்தை ஆராய்ந்து, 1974ஆம் ஆண்டில் தங்கள் முடிவை வெளியிட்டனர். அச்சம், உறக்கமின்மை, கொடுங்கனவு, உடல்நோவு, தன்னையே பழித்தல் ஆகியவை அப்பெண்களின் பலவீனத்தால் வருவன அல்ல, உயிருக்கு நேர்ந்த பேராபத்துக்கு மனித உள்ளம் காட்டும் எதிர்வினையே என்பது அம்முடிவு.

ஆயர்களாகிய நாம் கருதத்தக்க இரு செய்திகள் அவ்வாய்வில் உண்டு. கொடுமைக்கு ஆளானவர் அனைவரும் அழுவதில்லை. சிலர் மிக அமைதியாக, ஒன்றும் நிகழாததுபோல் பேசுவர். எனவே ஒருத்தியின் அமைதியைக் கொண்டு அவளுடைய சொல்லை ஐயுறுதல் தவறு. இரண்டாவதாக, எவரிடமும் சொல்லாமல் ஆண்டுக்கணக்காகத் தாங்கிக்கொண்டிருப்போரும் உளர். அவர்களுடைய காயம் மௌனத்தால் ஆறுவதில்லை. அது உள்ளே ஆழ்கிறது.

ஈண்டு ஒன்றைத் தெளிவுபடுத்தல் நலம். பாலியல் தொல்லை எல்லாம் வன்கொடுமை அன்று. தகாத சொல், வேண்டாத தொடுகை, இச்சைக்கு இணங்கினால் மதிப்பெண் என்னும் குறிப்பு, மறுத்தால் பழிவாங்கல் ஆகியவையும் அதில் அடங்கும். இவை ஒரே நாளில் உடைப்பதில்லை, நாள்தோறும் அரிக்கின்றன. குறிப்பிட்ட வார்டுக்குச் செல்ல அஞ்சுதல், இரவுப்பணியை மாற்றக் கேட்டல், அடிக்கடி நோயென்று விடுப்பு எடுத்தல், பாடத்தில் கவனம் சிதறல், மருந்தளிப்பதில் கைதடுமாறல், படிப்பையே விட்டுவிட எண்ணல் என அதன் அடையாளங்கள் பலவாகும். இவற்றைச் சோம்பல் என்றும் ஒழுங்கீனம் என்றும் பதிவேடு எழுதிவிடுவது எளிது. பிறருடைய மனச்சோர்வின் அறிகுறிகளைப் பாடமாகப் படித்துத் தேர்வெழுதும் மாணவி, தன் மனச்சோர்வைச் சொல்ல இடமின்றித் தவிப்பது எத்துணை முரண்!

6. சட்டத்தின் திருப்பம்

1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் பெண்ணின் நாணத்திற்கு இழுக்குண்டாக்குவதைக் குற்றமென்றது. ஆனால் பணியிடத்தை நடத்துவோரின் பொறுப்பைப் பற்றி அது பேசவில்லை. அப்பொறுப்பு ஓர் எளிய கிராமப் பணியாளரின் துன்பத்திலிருந்து பிறந்தது. இராசஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்ற பன்வாரி தேவி 1992ஆம் ஆண்டில் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதன் தொடர்பாகப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த விசாகா வழக்கில், 1997ஆம் ஆண்டு ஆகஸ்டு 13ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு பணியிடத்திலும் பெண் ஒருவரைத் தலைவராகக் கொண்ட புகார்க் குழு இருத்தல் வேண்டுமென்று நெறிமுறை வகுத்தது.

2013ஆம் ஆண்டில் அது சட்டமாயிற்று. பத்துப்பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனம் எதிலும் உள்ளகக் குழு வேண்டும். அதில் வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் வேண்டும். மருத்துவமனைகள் இச்சட்டத்தில் பெயர் குறித்தே சேர்க்கப்பட்டுள்ளன. பயிற்சியாளரும் பணியாளராகவே கருதப்படுவர். மாணவியருக்காகப் பல்கலைக்கழக மானியக் குழு 2015ஆம் ஆண்டில் தனி ஒழுங்குமுறை வகுத்தது. ஆண் மாணவர் சிலரும் மூன்றாம் பாலினத்தாரும் இத்தொல்லைக்கு ஆளாகக்கூடுமென்பதை அது ஏற்றுக்கொள்கிறது.

இச்சட்டத்தில் நம் கருத்தைக் கவரும் கூறுகள் மூன்று. முதலாவது, விசாரணை நடக்கும்போது, குற்றஞ்சாட்டப்பட்டவர் அப்பெண்ணின் பணியைப் பற்றி மதிப்பீடு எழுதுவதையும், கல்வி நிறுவனமாயின் அவளுடைய கல்விப் பணியை மேற்பார்ப்பதையும் தடுத்து நிறுத்தலாமென 2013ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. 1860ஆம் ஆண்டு முதல் ஒன்றாயிருந்த இரு கைகளும் இங்குத்தான் பிரிக்கப்பட்டன. இரண்டாவது, இழப்பீட்டை நிர்ணயிக்கும்போது அப்பெண்ணுக்கு உண்டான மனக்காயத்தையும் வேதனையையும் கணக்கிடுமாறு சட்டமே பணிக்கிறது. மூன்றாவது, சமரசம் என்பது அவள் தானாகக் கேட்டால் மட்டுமே நிகழலாம். அதுவும் பணத்தை அடிப்படையாகக் கொண்டிருத்தல் கூடாது.

சட்டம் எழுதப்பட்டதனால் யாவும் நிறைவேறிவிடவில்லை. 2023ஆம் ஆண்டு மே மாதத்தில் உச்ச நீதிமன்றமே இச்சட்டம் செயற்படுத்தப்படுவதிலுள்ள குறைகளைக் கடுமையாகச் சுட்டியது. 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் கொல்கத்தாவில் பயிற்சி மருத்துவர் ஒருவர் தம் மருத்துவமனைக்குள்ளேயே வன்கொடுமைக்கு ஆளாகிக் கொலையுண்டபோது, அரை நூற்றாண்டுக்கு முந்திய அருணாவின் நினைவு நாடெங்கும் எழுந்தது.

7. திருமறை காட்டும் இருவர்

திருமறையில் இரு நிகழ்ச்சிகளை இங்கு ஒப்புநோக்குவோம். சாமுவேலின் இரண்டாம் புத்தகம் 13ஆம் அதிகாரத்தில், தாமார் நோயுற்றவனைப் பேணும்படி தந்தையால் அனுப்பப்பட்டாள், உணவு சமைத்து அவன் படுக்கையருகே கொண்டுசென்றாள், அங்கேதான் கெடுக்கப்பட்டாள். நோயாளியைப் பேணச் சென்ற இடத்தில் நேர்ந்த கொடுமை அது. அவளுடைய சகோதரன் அப்சலோம் அவளை மௌனமாயிருக்கச் சொன்னான். தாவீது சினங்கொண்டான், ஆனால் ஒன்றும் செய்யவில்லை. தாமார் தன் சகோதரன் வீட்டில் பாழான நிலையில் இருந்துவிட்டாள் என்பதோடு அவள் வரலாறு முடிகிறது. அன்பான சகோதரனும் சினங்கொண்ட அரசனும் இருந்தும், அவளுடைய சொல்லைக் கேட்டு நீதிசெய்யும் இடமொன்று இல்லை.

ரூத்தின் புத்தகம் 2ஆம் அதிகாரத்தில் போவாஸ் வேறு வழி காட்டுகிறான். அந்நிய நாட்டாளான ஏழைப்பெண் தன் வயலில் கதிர்பொறுக்க வந்தபோது, அவளைத் தொடாதிருக்கும்படி அவன் தன் வேலைக்காரருக்கே கட்டளையிட்டான். ஒழுக்கக் கட்டளை அவள்மேல் சுமத்தப்படவில்லை, ஆற்றலுடையோர்மேல் சுமத்தப்பட்டது. வயலுக்குரியவன் தன் வயலில் நிகழ்வதற்குத் தானே பொறுப்பேற்றான்.

முடிவுரை

செவிலிய மாணவி ஒருத்தி நம்மிடம் வருவாளாயின், நாம் செய்யத்தக்கவை தெளிவானவை. அவள் சொல்வதைக் குறுக்கிடாமல் கேட்போம். அவள் எங்குச் சென்றாள், என்ன உடுத்தினாள் என்று வினவாதிருப்போம். மன்னித்துவிடு என்பதை முதற்சொல்லாகக் கூறாதிருப்போம். மன்னிப்பு அவளுக்குரியது, நாம் அவளிடம் கேட்டுப் பெறுவதன்று. இரு தரப்பையும் அழைத்துச் சமரசம் செய்யும் நம் வழக்கத்தை இவ்விடத்தில் கைவிடுவோம். உள்ளகக் குழுவுக்கு எழுத்தில் புகார் அளிக்க அவளுக்குத் துணைநிற்போம்; நிகழ்ச்சி நடந்த மூன்று மாதத்திற்குள் அதனை அளித்தல் வேண்டுமென்பதையும், தக்க காரணமிருப்பின் குழு மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாமென்பதையும் அறிந்திருப்போம்.

செவிலியப் படிப்பிற்குக் குறைந்தபட்ச வயது 17. ஆதலின் முதலாண்டு மாணவியருள் பலர் சட்டத்தின் கண்ணில் குழந்தைகளே. அவர்களுக்கு நேர்ந்த பாலியல் குற்றத்தை அறிந்தவர் எவராயினும் அதனை அதிகாரிகளுக்கு அறிவித்தே ஆகவேண்டுமென 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் விதிக்கிறது. இதற்கு ஆயரும் விலக்கல்லர். உள்ளம் காயமுற்றவளுக்கு நம் மன்றாட்டு மட்டும் போதுமென எண்ணாமல், மனநல மருத்துவரிடமும் அவளை வழிநடத்துவோம். 14416 என்னும் அரசின் மனநல உதவி எண்ணையும் சொல்லிவைப்போம். நம் திருமண்டல மருத்துவமனைகளின் ஆட்சிக்குழுக்களில் அமர்வோர், உள்ளகக் குழு உண்டா, வெளியுறுப்பினர் யார், அவருடைய பெயர் மாணவியர் விடுதிச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளதா என்று கேட்பாராக.

இறையியல் மாணவர்களே, நாளை உங்களுள் சிலர் மருத்துவமனைக் குருவாகச் செல்வீர்கள். அங்குள்ள மாணவியருக்கு அடக்கத்தைப் போதிக்கப் பலர் இருப்பர். அவர்களைத் தொடாதிருக்கும்படி வேலைக்காரருக்குக் கட்டளையிடுவோரே அருமையாக இருப்பர். அவ்வருமையானவருள் ஒருவராய் இருங்கள்.